கடைசியாக வருகிறவள்

அந்தக் காட்டுக்குள் போக இரண்டு பாதைகள் உண்டு. குதிரையில் போகிறவர்களுக்கு ஒன்று, நடந்து போகிறவர்களுக்கு ஒன்று. இரண்டும் பாறையும் சரிவுமாக எட்டு மைல் சுற்றி, வழியில் ஓர் ஓடையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கடைசியில் ஒரே மரக்கேட்டுக்கு வந்து சேரும். நடந்து போகிற கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டி போவான். அவன் தொப்பியையும் விசிலையும் அவன் அளக்கும் கரடிக் கதையையும் எல்லாரும் படம் பிடித்துக்கொள்வார்கள். கூட்டத்தின் கடைசியில் ஒருத்தி வருவாள். அவளை யாரும் படம் பிடித்ததில்லை. வேலையில் இருந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வால்.

சேட்டை செய்யும் பிள்ளையை வால் என்போமே, அப்படி நினைத்துவிடாதீர்கள். அவள் வாழ்நாளில் ஒரு சேட்டையும் செய்ததில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் நடப்பதுதான் அவள் வேலை, அதனால் வால். யாரையும் அவள் தாண்டிப் போகக் கூடாது. ஒருவர் பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினால் இவளும் நிற்கவேண்டும். புருஷன் பெண்டாட்டி நடுக்காட்டில் சண்டை பிடித்தால், மரத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவள்போல அண்ணாந்துகொண்டு நிற்கவேண்டும். "என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, ஹெலிகாப்டர் வரச் சொல்லு" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்ட கனத்த மனிதர்களை, அதோ அந்த வளைவு வரைக்கும், இதோ இந்த மரம் வரைக்கும் என்று பேசிப் பேசியே கேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். பதினெட்டு வருஷம் இதே பிழைப்பு. ஒரு ஆளைக்கூட உள்ளே விட்டுவிட்டு வந்ததில்லை.

அங்கே தலை எண்ணும் வழக்கம் கிடையாது. எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரு கோட்டு இருந்தது. முழங்கால் வரை தொங்கும் ஆரஞ்சு நிற மழைக்கோட்டு, தலையை மூடும் தொப்பியோடு. வெயிலோ மழையோ, வால் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கவேண்டும், கழற்றக் கூடாது. ஆரஞ்சுக் கோட்டு கேட்டுக்கு வந்துவிட்டதென்றால் காட்டில் இனி மனித வாடை இல்லை என்று அர்த்தம். கேட்டில் இருப்பவர் தலையை நிமிர்த்தி, "பின்னால யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்கவேண்டும். "யாரும் இல்லை" என்று வால் சொல்லவேண்டும். அதைப் புத்தகத்தில் எழுதி, தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் மூன்று தட்டு தட்டி, கேட்டைச் சாத்திவிடுவார். அந்தச் சத்தம் இரண்டு மைலுக்குக் கேட்கும்.

கேட்டில் இருந்தவர் அவள் புருஷன்.

அவரைப் பற்றி ஊரில் விசாரித்தால் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வேலைக்கு ஒரு நிமிஷம் தாமதமாகப் போக மாட்டார். பார்க்க வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவார். யாராவது ஓடிவந்து "குழந்தைக்கு மூச்சு வாங்குது" என்றால் தானே குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்காக அலுவலகம் அவருக்கு ஒரு பாராட்டுத் தாள் கொடுத்திருந்தது, அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியும் இருந்தார். பெண்டாட்டி பேசினால் மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் சொல்வது எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் இருபது வருஷமாக அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குதிரை லாயத்துக்குப் பின்னால், கேட்காரருக்கென்று கொடுத்த இரண்டு அறை குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். தலையணை வரைக்கும் குதிரை வாடை. கூரை ஒழுகுகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சொன்னாள். கட்டில் நனைந்த அன்றைக்கு, "இதெல்லாம் முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்றார். கல்யாணமான மூன்றாம் வருஷம் வயிற்றில் வலி என்று மூன்று நாள் சொன்னாள். நாலாம் நாள் பிள்ளை கலைந்துபோன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில், "அவ்வளவு வலின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று நர்ஸிடம் நியாயம் கேட்டார். அதற்கப்புறம் பிள்ளை தங்கவில்லை.

கேட்டிலும் இதே கதைதான். யாரையோ நடக்க முடியாமல் ஓடைக்கரையில் உட்காரவைத்துவிட்டு இவள் ஓடிவந்து குதிரை கேட்பாள். அவர் சீட்டுக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "சேணம் கழட்டியாச்சு. நீயே போய்க் கூட்டிட்டு வா" என்பார். இவளும் திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வருவாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா! இதே வார்த்தை, இதே சீட்டுக்கட்டு, எதிரே உட்கார்ந்து விளையாட, லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் இதே குதிரைக்காரர்.

இருந்தும் அவள் புருஷனை விட்டுக்கொடுத்ததில்லை. பக்கத்து ஊரில் இருக்கும் அவள் அக்கா, "அந்த ஆளுக்குக் காதுதான் இல்லையா, மனசும் இல்லையா?" என்று கேட்கும்போதெல்லாம் இவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

"கேக்காத மாதிரிதான் இருப்பாரு அக்கா. எல்லாம் உள்ள போயிடும். எனக்கு ஒண்ணுன்னா மனுஷன் துடிச்சுப் போயிடுவாரு."

"துடிக்கிறதை ஒரு நாள் நானும் பாக்கணும்" என்பாள் அக்கா.

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் அலறியடித்துக்கொண்டு முன்னால் ஓடிவிட்டது. ஒரே ஒரு டீச்சர் மட்டும் பின்தங்கினாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். புது ஷூ குதிகாலைக் கடித்துவிட்டது, போட்டிருந்ததோ மெல்லிய பருத்திச் சட்டை. உதடு வெளுத்து, பல் தந்தியடிக்க, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் வால் தன் கோட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, தொப்பியையும் இழுத்துக் கட்டிவிட்டாள். கழற்றக் கூடாது என்கிற விதி அவளுக்குத் தெரியாததில்லை. விறைத்துப்போய் நிற்கிற பெண்ணிடம் விதியை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க அவளால் ஆகவில்லை.

"அக்கா, உங்களுக்கு?" என்றாள் டீச்சர்.

"எனக்கு மரத்துப்போன உடம்பும்மா. நட."

ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தது. குதிரைகள் மிதித்து மிதித்துக் கரை சேறாகிக் கிடந்தது. வால் தண்ணீரில் இறங்கி நின்று டீச்சரின் கையைப் பிடித்து அக்கரைக்கு ஏற்றிவிட்டாள். தானும் ஏறப் போனபோது வலது கால் இரண்டு பாறைக்கு நடுவே இறங்கிவிட்டது. கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் இந்தப் பக்கம் சாய்ந்தது. முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. டீச்சர் இறங்கி வந்து தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வால் போட்ட கூச்சலில் கையை எடுத்துவிட்டாள்.

"இழுக்காதேம்மா. இங்கேருந்து கேட்டு அரை மணி நேரம். பாதையை விட்டு விலகாம போ. கேட்டுல ஒருத்தர் இருப்பாரு. பின்னால ஒரு ஆள் கால் ஒடிஞ்சு ஓடையில கெடக்குன்னு சொல்லு. குதிரை கொண்டு வரச் சொல்லு."

அவர் என் புருஷன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் என்ன? கோட்டுக்குள் வேறு முகத்தைப் பார்த்தால் மனுஷன் துள்ளிக் குதித்து எழுந்துவிட மாட்டாரா? டீச்சர் அழுதுகொண்டே ஓடினாள். கடித்த ஷூவோடு ஓடினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வால் இடுப்பளவு தண்ணீரில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முதலில் கால் வலித்தது. பிறகு வலி குறைந்தது. வலி குறைவது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும். பாதையில் விழுந்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பெண் இந்நேரம் வளைவைத் தாண்டியிருப்பாள், இந்நேரம் கேட்டைப் பார்த்திருப்பாள், இந்நேரம் சொல்லியிருப்பாள் என்று மனசுக்குள் அவளோடுகூடவே நடந்தாள்.

அப்போது தண்டவாளச் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

பதினெட்டு வருஷத்தில் அந்தச் சத்தத்தைக் காட்டுக்குள் இருந்து அவள் கேட்டதே இல்லை. அவள் வெளியே வராமல் அது ஒலித்ததில்லை. எல்லாரும் வந்தாயிற்று, உள்ளே யாரும் இல்லை என்று அவள் புருஷனே தட்டிச் சொல்கிறார். ஆனால் எவ்வளவு சீக்கிரம் சமாதானம் கண்டுபிடித்துவிட்டாள் தெரியுமா! நேரமாகிவிட்டது, தட்டாவிட்டால் அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள், தட்டிவிட்டுக் குதிரையோடு வருவார். சேணம் பூட்டக் கால் மணி நேரம் ஆகும். மழையில் குதிரை மெதுவாகத்தான் வரும். ஒருவேளை டாக்டரையும் கூட்டிக்கொண்டு வருகிறாரோ என்னவோ. வெளிச்சம் போகும் வரை இப்படி ஒவ்வொன்றாக அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருட்டிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

மறுநாள் காலை முதல் சவாரிக்காகப் பாதை பார்க்க வந்த குதிரைக்காரரின் குதிரை ஓடைக்கு முன்னால் நின்று மறுத்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"அட, வாலு! இவ்வளவு காலையில நீ எப்ப உள்ள வந்தே?"

அவளுக்குத் தாடை கிட்டிப்போயிருந்தது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். எலும்பு முறிந்தது மட்டும் என்றால் கட்டுப் போட்டுச் சரிசெய்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒரு ராத்திரி முழுக்கப் பாறை இடுக்கில் ரத்த ஓட்டம் இல்லாமல், குளிர்ந்த தண்ணீரில் கிடந்ததால் கால் செத்துப்போய்விட்டது. "நேத்து சாயங்காலமே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

புருஷன் வந்தார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். "என்ன இப்படிப் பண்ணி வச்சிருக்கே?" என்றார்.

அவள் ஓடையில் கிடந்த அன்று சாயங்காலம் வீட்டில் என்ன நடந்தது என்பதைக் குதிரைக்காரரின் மனைவி வந்து சொன்னாள். ஆறுதல் சொல்ல வந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சீட்டு முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். விளக்கு எரியவில்லை, அடுப்பு எரியவில்லை. தாம்தூம் என்று குதித்துவிட்டுக் கேண்டீனில் போய் ரொட்டி தின்றிருக்கிறார். "குதிரை தரலைன்னு கோவிச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா போல. திரும்பி வந்தா தட்டிக்கிட்டு நிக்கட்டும்" என்று சொல்லி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

"குதிரை தரலைன்னா? நான் எப்ப குதிரை கேட்டேன்?" என்றாள் வால்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அதற்கு விடை மூன்றாம் நாள் டீச்சரோடு வந்தது. கோட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கட்டிலின் கால்மாட்டைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். அழுகை ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"நான் சொன்னேன் அக்கா. சத்தியமா சொன்னேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ஓடையில ஒருத்தங்க கால் ஒடிஞ்சு கெடக்காங்க, குதிரை வேணும்னு சொன்னேன். அந்த ஆள் தலையையே தூக்கல. 'சேணம் கழட்டியாச்சு, நீயே போய்க் கூட்டிட்டு வா'ன்னாரு. மறுபடி சொன்னேன். 'கேட்டைச் சாத்துற நேரத்துல வந்து எப்பப் பாரு புலம்பல். போடி அந்தப் பக்கம்'னாரு. முன்னப்பின்ன தெரியாத ஆள் என்னைப் போடீங்கறாரேன்னு எனக்குப் பயமா போச்சு. வேன்ல எல்லாரும் கத்துறாங்க. எப்படியும் சொல்லியாச்சு, அவங்க பாத்துக்குவாங்கன்னு ஏறிட்டேன். கோட்டோட நான் கேட்டைத் தாண்டினதுமே அவரு தண்டவாளத்தைத் தட்டிட்டாரு. நான் நின்னிருக்கணும். நின்னு கத்தியிருக்கணும்."

வால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். எல்லாவற்றையும் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டதாகவும், நாளைக்கு விசாரிக்க வருவார்கள் என்றும் சொல்லிவிட்டு டீச்சர் போனாள்.

அன்று சாயங்காலம் புருஷன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து அவளோடு பேச வந்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு ஆபீசர் வர்றாரு. கோட்டைக் கழட்டினது உன் தப்பு, அதை ஒத்துக்கோ. எப்படியும் இனிமே உனக்கு அந்த வேலை கெடையாது. எனக்காவது இருக்கட்டும். என் வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிடும், தெரியுமில்ல? அந்த டீச்சர் ஒண்ணும் சொல்லவே இல்லைன்னு நான் சொல்லப்போறேன். நீயும் அவ பொய் சொல்றான்னு சொல்லிடு."

அவர் சொன்னதில் கணக்கு எதுவும் தப்பில்லை. அவள் யோசித்தாள். மூன்று நாளாக, கால் போன வலிக்கு நடுவிலும், அவருக்காக ஒரு சமாதானத்தை அவள் தேடிக்கொண்டுதான் இருந்தாள். அதை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணு மேல ஏன் பழி போடணும்? தகரக் கூரையில மழை கொட்டுற சத்தம். அவ சொன்னது காதுல விழலைன்னு சொல்லிடுங்களேன். நெசமாவே விழுந்திருக்காது."

அவர் அப்படியே ஒத்துக்கொண்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவள் அவரைக் காப்பாற்றியிருப்பாள். ஊன்றுகோலோடு அந்த இரண்டு அறைக்கே திரும்பிப் போய், மிச்ச ஆயுளையும் அவருக்குச் சமைத்துப் போட்டிருப்பாள். ஆனால் மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன், எனக்கென்ன காது செவிடா? கேட்டுல செவிடனை உக்கார வச்சிருக்காங்கன்னு நாளைக்கு எவனாவது பேசறதுக்கா? எல்லாம் கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. ஓடை, கால் ஒடிஞ்சது, குதிரை, எல்லாம் கேட்டுச்சு. கோட்டைப் பாத்து நீ சொல்றேன்னுதானே நெனச்சேன்? வேற யாரோ சொல்றாங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே குதிரையைக் கிளப்பியிருக்க மாட்டேனா?"

சொல்லிவிட்டு நியாயம் தன் பக்கம் என்பதுபோல நாற்காலியில் சாய்ந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவள் அதை முகத்திலேயே பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. ஓடையில் அவருக்காக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே, அதை நினைத்து வெட்கம்தான் வந்தது. பிள்ளை கலைந்த வராந்தா ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அவருக்குக் கேட்டுத்தான் இருந்திருக்கிறது.

அவர் போன பிறகு அக்கா மாற்றுத்துணி கொண்டுவந்தாள்.

"அக்கா, குவார்ட்டர்ஸ் போயிடும். உன் வீட்டுல எடம் இருக்குமா?"

"பின்பக்க அறை சும்மாதான் கெடக்கு. ரெண்டு பேருக்கும் போதுமான்னு தெரியலையே."

"ஒருத்திக்குப் போதும்."

அக்கா துணியை மடித்து அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் ஆபீசர் வந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் புருஷன். டீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

புருஷன் கண்ணால் ஜாடை காட்டினார். வால் அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் கோட்டைக் கழட்டிக் கொடுத்தது நெசம் சார். கேட்டுல நடந்தது எனக்குத் தெரியாது. என்னங்க, நேத்து என்கிட்ட சொன்னீங்களே, அதையே சார்கிட்டயும் சொல்லிடுங்க. அப்படியே சொல்லுங்க. அதுல என்ன தப்பு இருக்கு?"

அவருக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. டீச்சர் பொய் சொல்கிறாள் என்று சொல்வதைவிட இது கௌரவமாகவும் பட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். எல்லாம் கேட்டது, காது நல்ல காது, பெண்டாட்டி சொல்கிறாள் என்று நினைத்துத்தான் விட்டுவிட்டேன் என்றார்.

ஆபீசர் எழுதுவதை நிறுத்தினார். "வேற யாராவது சொல்றாங்கன்னு தெரிஞ்சிருந்தா?"

"உடனே போயிருப்பேன் சார். நான் போகாம இருந்ததே இல்ல. வேணும்னா ஆபீசுல கேட்டுப் பாருங்க, பாராட்டுத் தாளே கொடுத்திருக்காங்க."

"மனைவி சொன்னதா நெனச்சதால போகல."

"ஆமா சார். அவ சொன்னான்னுதான் சார்."

ஆபீசர் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, வாசித்துக் காட்டி, தாளை நீட்டினார். புருஷன் பேனாவை வாங்கி, பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தார். ஆபீசர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார்.

கதவு சாத்தியதும் அவர் குனிந்து, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றாள் அவள்.